கன்ரருக்கு எந்தக் காம் சாப்ட்? ஓவர்ஹோல் முடித்து ஓடிப் பார்த்த அனுபவம்

எங்கள் லொறி பழைய மிற்சுபிசி கன்ரர். 4டி32 எஞ்சின், 104 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 105 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), மொத்தம் 3,567 சிசி. டர்போ கிடையாது. சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் சின்ன வெங்காயமும் மரக்கறியும் ஏற்றி, ஏ9 வீதியால் தம்புள்ளைக்குப் போய் வருவதுதான் இதன் வேலை. ஒரு பக்கம் கிட்டத்தட்ட 250 கி.மீ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய லொறிகளுக்கே பொன் விலையாகிவிட்டது. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. வேறு லொறி வாங்கும் கதையே இல்லை, இருக்கிற எஞ்சினை வடிவாகச் செய்வோம் என்று முடிவெடுத்து 2023இல் கழற்றினோம். அதன் பிறகு ஒரு லட்சம் கி.மீ. தாண்டிவிட்டதால் இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். புதிதாகப் பூட்டிய வாரத்தில் எல்லா எஞ்சினும் திறமாகத்தான் ஓடும்.

கழற்றக் காரணம் வெறும் ஒயில் குடிப்பு அல்ல. மூன்றாவது சிலிண்டர் பக்கம் ஒரு டிக் டிக் சத்தம். டப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கு மேல் விடும் சந்தை, குளிர்ந்த எஞ்சினில் 0.40 மி.மீ.க்கு வைத்தால் கொஞ்ச நாள் அமைதி, பேந்து திரும்பவும் அதே சத்தம். பாரத்தோடு இழுத்தால் கறுப்புப் புகை. பலரும் இன்ஜெக்டர் என்றார்கள். காற்று உள்ளே போகும் இன்ரேக் மனிபோல்டைக் கழற்றிப் பார்த்தபோது மற்ற மூன்று வாயும் ஓரளவு சுத்தம், மூன்றாவது வாய் மட்டும் ஈரக் கரி பிடித்துக் கிடந்தது. எக்ஸோஸ்ட் வால்வு போதிய அளவு திறக்காவிட்டால் எரிந்த காற்று முழுதாக வெளியேறாது. இன்ரேக் திறந்ததும் மிச்சம் அந்தப் பக்கமாகத் திரும்பி வரும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான காம் சாப்ட்டை வெளியே எடுத்தபோது, அந்த எக்ஸோஸ்ட் வால்வைத் தூக்கும் மேட்டின், அதாவது லோபின், மூக்கு மழுங்கி, மேலே பொரிப் பொரியாகக் குழி. நகத்தால் இழுத்தால் தட்டுப்பட்டது. மைக்ரோமீற்றரில் லோபின் உயரமான பக்கத்தையும் தட்டையான பக்கத்தையும் அளந்து கழித்தால் எவ்வளவு தூக்குகிறது என்று தெரியும். எட்டு லோபையும் அப்படி அளந்து சோக்கட்டியால் சுவரில் எழுதினோம். ஏழு பரவாயில்லை, ஒன்று மட்டும் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் ஆலோசனைகள் கொட்டத் தொடங்கின. ஒருவர் பழைய காமையே பொலிஷ் பண்ணிப் போடச் சொன்னார். இன்னொருவர் கிரைண்ட் பண்ணலாம் என்றார். கொழும்பில் கார் மொடிபிகேஷன் செய்யும் சொந்தக்காரப் பெடியன் ஒருவன், "அண்ணை, எஞ்சினை இவ்வளவு கழற்றிட்டு ஏன் பழைய காமே? கொஞ்சம் பெரிய காம் போடுங்கோ, பவர் பாருங்கோ" என்றான். எங்கள் மெக்கானிக் கோண்டாவில் பக்கத்து ஆள். அவருக்கு முன்னால் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உம்மட லொறி வெங்காயம் ஏத்திறதோ, றேஸ் ஓடுறதோ?"

கேலியாகக் கேட்டாலும் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. பிஸ்டன் அடிக்குப் போய் மேலே திரும்பிய பிறகும் இன்ரேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். பெரிய காம் அந்த நேரத்தை நீட்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது காற்று ஓடி வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும், அதனால் லாபம். மெதுவாகச் சுற்றும்போதோ உள்ளே வந்த காற்றைப் பிஸ்டனே திருப்பி வெளியே தள்ளிவிடும். பாரம் ஏற்றிய கன்ரர் பெரும்பாலும் இரண்டாயிரம் சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. மூவாயிரத்துச் சொச்சத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை அறுத்துவிடும். பெரிய காமின் லாபம் கிடைக்கும் இடத்துக்கு இந்த எஞ்சின் போவதே இல்லை. டீசலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எரிவது காற்றை அமுக்கும் சூட்டில். அமுக்கம் குறைந்தால் மார்கழிக் காலையில் ஸ்ராட் பிடிக்காது, வெள்ளைப் புகை தள்ளும். மேலே வந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையில் விடும் இடமும் மிகக் குறைவு. வால்வு திறந்து மூடும் கணக்கு மாறினால் பிஸ்டனில் முட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டீசல் எஞ்சினின் பலத்தைத் தீர்மானிப்பது பம்ப் அடிக்கும் டீசலின் அளவு. அது கூடாமல் காற்றை மட்டும் கூட்டி என்ன பயன்?

ஆகவே கொம்பனி அளவிலேயே காம் என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, கிரைண்டா புதிதா? கிரைண்ட் பண்ணும்போது லோபின் வடிவத்தைத் திரும்ப எடுக்கச் சுற்றிலும் இரும்பைக் குறைக்க வேண்டும். தூக்கும் உயரம் அப்படியே வரும், டப்பெட் ஸ்குரூவை இறக்கி இடைவெளியையும் பிடிக்கலாம். ஆனால் காமின் கடினமான பகுதி மேல்தோல் மட்டும்தான். குழி ஆழமாகப் போன லோபில் அந்தத் தோலைக் கடந்து அரைத்தால் உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு, சீக்கிரமே தேய்ந்துவிடும். தேய்மானம் மேலோட்டமாக இருந்தால் கிரைண்ட் குறை சொல்ல முடியாத வழி, செலவும் குறைவு. எங்களுடையது அப்படி இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் தேடிப் புதிய காம் எடுத்தோம்.

லோபில் உரசி மேலே தள்ளும் டப்பெட்டுகளில்தான் ஒரு கடைக்காரர் விளையாட்டுக் காட்டினார். பெட்டியில் ஜப்பான் என்றிருந்தது, உள்ளே கடதாசியில் சுற்றிய எட்டு டப்பெட்டும் இரண்டு விதம். திருப்பி அனுப்பி வேறு இடத்தில் முழு செற் வாங்கினோம், ஒரு கிழமை வீண். புதிய காமில் பழைய டப்பெட்டைப் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஓடி ஓடிப் பழைய லோபுக்கு ஏற்றபடி தேய்ந்த முகம் அது. நேரான இரும்பு ஓரத்தை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் குழி விழுந்துவிட்டது. எங்கள் பழைய எட்டில் அந்த மூன்றாவது சிலிண்டர் டப்பெட் சுற்றாமல் நின்றே உரசியிருக்கிறது, முகத்தில் ஒரே பக்கமாகக் கோடு. டப்பெட்டிலிருந்து மேலே தள்ளும் கம்பிகளான புஷ்றொட்டுகளைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்த்தபோது ஒன்று வளைந்திருந்தது.

முதல் ஓட்டம் முக்கியம். லோபிலும் டப்பெட் முகத்திலும் மொலி கிறீஸ் தடவிப் பூட்டி, ஸ்ராட் பிடித்ததும் ஐடிலில் விடாமல் 1,500க்கும் 2,000க்கும் இடையில் இருபது நிமிடம் வைத்தோம். காமுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க் தெறிக்கும் ஒயில்தான், மெதுவாகச் சுற்றினால் அது போதாது. அதற்காகத்தான் ஸ்ராட் அடிப்பதற்கு முன்பே டீசல் லைனில் காற்று எடுத்து, தண்ணீர் நிரப்பி, பம்ப் ரைமிங் அடையாளத்தை இரண்டு தரம் பார்த்துக்கொண்டோம். ஸ்ராட் வராமல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி அடித்தால் தடவிய கிறீஸ் துடைபட்டுப் போய்விடும்.

மற்ற வேலைகளில் டர்போவும் பேச்சில் வந்தது. டர்போவோடு வரும் எஞ்சினுக்குப் பிஸ்டன் அடியில் ஒயில் பீச்சி ஆறவைக்கும் ஏற்பாடு இருக்கும், அமுக்க விகிதமும் பார்த்துக் கணக்கிட்டிருப்பார்கள். அது எதுவுமில்லாமல் வெளியே டர்போவை மட்டும் கொழுவுவது விசர் வேலை. 4டி33 எஞ்சினைத் தூக்கி வைக்கலாம், 4,214 சிசி, இழுவை நிச்சயம் கூடும். ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த அலைய வேண்டும். விட்டுவிட்டோம்.

காசு போட்டதில் அதிகம் திருப்பித் தந்தது தண்ணீர்ப் பக்கம். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எல்லாம் சுண்ணாம்புக்கல் தண்ணீர். புளொக்கின் தண்ணீர்ப் பாதைக்குள் வெள்ளைப் படை கல்லுப் போல இறுகியிருந்தது. அதைக் கரைத்துக் கழுவி, றேடியேற்றரைத் திறந்து குழாய் குழாயாகக் குத்திச் சுத்தமாக்கி, அன்றிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்றும்தான். அப்புறம் தேர்மோஸ்ரற். இங்கே வெக்கை என்று பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் ஒழுங்காக எரியாது, பிஸ்டன் றிங்கும் சிலிண்டர் லைனரும் சீக்கிரம் தேயும். சூடு கூடினால் படையை எடுக்க வேண்டும், தேர்மோஸ்ரற்றை அல்ல.

டீசல் பம்பையும் இன்ஜெக்டர்களையும் அளவு சரிபார்க்கும் கலிபிறேசன் மேசையில் கொடுத்தோம். செம்மண் தூசிக்காகக் காற்று பில்டரின் கூடு, குழாய், கிளிப் மூன்றையும் மாற்றினோம். பில்டர் புதிதாக இருந்தும் வெடித்த றப்பர் குழாயால் மண் தின்ற எஞ்சின்களை எங்கள் மெக்கானிக்கின் கராச்சிலேயே கண்டேன்.

இப்போது எப்படி இருக்கிறது? பவர் கூடியது என்று சொல்ல மாட்டேன், போன பலம் திரும்பி வந்திருக்கிறது. பாரத்தோடு சந்தியில் நின்று எடுக்கும்போது கிளச்சைத் தேய்க்க வேண்டியதில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எடுத்தால் ஓமந்தை வரை டொப் கியரிலேயே போகிறது. சோளகக் காற்று நேரத்தில் ஆனையிறவைக் கடப்பது இன்னமும் இழுபறிதான், உயரக் கூடு கட்டிய லொறிக்கு எந்தக் காமும் அதற்கு மருந்தல்ல. டீசல் லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கி.மீ. கூடியிருக்கிறது, எவ்வளவு காமால், எவ்வளவு பம்பால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனை தொல்லையில்லாமல் பாஸ் ஆகிறது. 15டபிள்யூ-40 ஒயில், சிஐ-4 தரம், ஐயாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்றம். டப்பெட் இடைவெளி ஆரம்பத்தில் ஒரு தரம் கொஞ்சம் விலகியது, அதன் பிறகு அசையவில்லை.

குறை என்றால் வால்வு கவர் கேஸ்கட். இரண்டு தரம் மாற்றியும் பின்மூலையில் ஒயில் கசிகிறது. கவரே நெளிந்திருக்க வேண்டும், அடுத்த சேர்விசில் தட்டையாக்கக் கொடுக்கப் போகிறேன். டைமிங் கியரில் ஐடிலில் ஒரு மெல்லிய சிணுங்கலும் உண்டு. புதிய காம் கியர், அதைச் சுழற்றும் இடைப் பல்சக்கரமான பழைய ஐட்லர் கியர், இரண்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்கிறார் மெக்கானிக். கழற்றியபோதே ஐட்லரையும் மாற்றியிருந்தால் கையோடு முடிந்திருக்கும்; நீங்கள் கழற்றினால் அதன் பற்களையும் புஷ்ஷையும் பார்த்துவிட்டு மூடுங்கள்.