டியர்டிராப் டிரெய்லர் துள்ளுகிறதா: பட்டையைக் கழற்றலாமா, புது ஸ்பிரிங் போடலாமா?

அமெரிக்காவில் வீட்டிலேயே கட்டப்படும் டியர்டிராப் கேம்பர்கள் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கண்ணீர்த்துளி வடிவச் சிறு படுக்கை வண்டிகள்) பலவும் 2000 பவுண்டு (907 கிலோ) அச்சின் மேல்தான் உட்காருகின்றன. கேம்பரோ சாமான்களோடு சேர்த்தே 500 கிலோதான் வரும். காரோடு இணைக்கும் கொக்கியில் விழும் 60 கிலோவையும், சக்கரம், அச்சின் 70 கிலோவையும் கழித்தால் அச்சின் இரு பக்கமும் உள்ள பட்டை ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்) ஒன்றுக்கு 185 கிலோ. அது தாங்கக்கூடியதோ 450 கிலோ. பிறகு எப்படி வளையும்?

முதலில் அளந்து பாருங்கள். சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு, டயர் தரையைவிட்டு எழும்வரை சேசிஸை ஜாக்கியால் தூக்கி மறுபடி அளக்கவும். வித்தியாசம் 12 மி.மீ.தான் என்றால் வண்டி நொடிக்கு நாலரை முறை அதிரும். காரில் இது ஒன்று, ஒன்றரைதான்.

மூன்று பட்டையில் ஒன்றைக் கழற்றினால் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். தாங்கும் சுமையும் அப்படியே குறையும். 750 பவுண்டு (340 கிலோ) இரண்டு பட்டை ஸ்பிரிங் வாங்கினாலும் மென்மை கிட்டத்தட்ட அதேதான்: 12 மி.மீ. வளைவு 18 ஆகும். ஆனாலும் நான் புது ஸ்பிரிங் பக்கம்தான். காரணம், கட்டின் (பட்டை அடுக்கின்) பிடி.

ஒரு பட்டை போனதும் கட்டின் உயரம் சுமார் 6 மி.மீ. குறைகிறது. கட்டை அச்சோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டில் நட்டு மரை முடியும் இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) சரியென்று காட்டும். உள்ளே பட்டை இறுகியிருக்காது. பிரேக் அடிக்கும்போது மொத்த விசையும் பட்டைகளின் நடுவே ஓடும் சென்டர் போல்ட்டில் இறங்கி அது அறுந்தால், அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். இன்னொன்று, கீழ்ப்பட்டைகள்தான் மெயின் பட்டையை வளைத்து நிறுத்துகின்றன. அவற்றில் ஒன்று போனால் வில் தட்டையாகி வண்டி தாழும், ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) சாயும், மட்கார்டில் டயர் உரசும்.

யூ போல்ட்டை எந்த வழியிலும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்பக் கூடாது. சென்டர் போல்ட்டும் நீளம் குறைந்ததாக வேண்டும். ஆக, கழற்றுவதில் மிச்சமாவது ஸ்பிரிங்கின் விலை மட்டுமே.

வாங்கும்போது கண்ணுக்குக் கண் (இரு முனை வளையங்களுக்கு இடையே) நீளம், பட்டை அகலம், புஷ் துளை, வில்லின் உயரம் நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் தொடுங்கள். அரை அங்குல யூ போல்ட்டை மாற்றி மாற்றி 60 முதல் 95 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, 80 கி.மீ. ஓடியதும் திரும்பவும் பாருங்கள்.

ஷாக் அப்சார்பர் விறைப்பைக் குறைக்காது. துள்ளலை அடக்கும், அவ்வளவே. பட்டை குறைந்தால் உராய்வும் குறைவதால் கரடான மண்சாலையில் அது தேவைப்படலாம். நான் சொல்வதெல்லாம் தார்ச்சாலைக்குத்தான்.

மாற்றியபின் இரு ஸ்பிரிங்குமாக 680 கிலோதான். அச்சுத் தகட்டில் உள்ள 907 இனி செல்லாது. புது எண்ணைக் கொக்கிக் கம்பியின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.