திறன் அட்டவணை: தையல் லைனில் மூன்று வருடப் புழக்கத்துக்குப் பிறகு

யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று வருடா வருடம் படிவம் கொடுத்து எழுதி வாங்குவது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பழைய வழக்கம். ஒருத்தர் 'கம்ப்யூட்டர்' என்று எழுதினால் பக்கத்து டேபிள்காரரும் அதையே எழுதுவார். பாட்டம் பேட்லாக்கில் (பனியனின் அடி ஓரத்தை மடித்துத் தைப்பதில்) தையல் விட்டுப்போவது மட்டும் அப்படியே இருக்கும்.

திறன் அட்டவணை அதைவிட எவ்வளவோ மேல். இடப்பக்கம் டெய்லர் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள்: ஷோல்டர், நெக் ரிப், கை ஏற்றுவது, சைடு ஓவர்லாக், பாட்டம் பேட்லாக். ஒவ்வொரு கட்டத்திலும் நாலாக வகுத்த ஒரு வட்டம். சொல்லிக் கொடுத்தாயிற்று என்றால் ஒரு கால். ஆள் பக்கத்தில் நின்றால் தைப்பார் என்றால் அரை. தனியாக, தரத்தோடு, டார்கெட் வேகத்தில் தைத்தால் முக்கால். அடுத்தவரைப் பழக்கவே முடியும் என்றால் முழு வட்டம்.

சொதப்பும் இடம் மார்க் போடுவதுதான். சூப்பர்வைசர் ஞாபகத்திலிருந்து நிரப்பினால், வம்பு எதற்கு என்று எல்லாருக்கும் முக்கால் போட்டுவிடுவார். ஸ்டாப்வாட்ச் வைத்து 10 பீஸ் நேரம் எடுத்து, அதே பண்டலில் 20 பீஸ் செக் பண்ணிய பிறகே வட்டத்தை நிரப்ப வேண்டும். 'தெரியும்' என்ற வாய்வார்த்தை கணக்கில் வராது.

அதற்கும் முன்னால், வந்த குறை பயிற்சிக் குறைதானா என்று பார்க்க வேண்டும். பேட்லாக்கில் தையல் விடுகிறதா? இரண்டு டெய்லர்களை மெஷின் மாற்றி உட்கார வையுங்கள். குறை மெஷினோடு நின்றால் அது மெக்கானிக் வேலை: ஊசி வளைந்திருக்கும், இல்லை லூப்பர் (ஊசிக்குக் கீழே நூலைக் கோர்க்கும் கொக்கி) டைமிங் தப்பியிருக்கும். ஆளோடு நகர்ந்தால்தான் பயிற்சி. துணியில் ஊசி ஓட்டை விழுந்தால் உருண்டை முனை கொண்ட பால்பாயின்ட் ஊசிதானா, முனை மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைச் செய்யாமல் வகுப்பு நடத்தினால் அரை நாள் புரொடக்ஷன் போனதுதான் மிச்சம்.

தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர் புது ஆபரேஷன் பழக வரமாட்டார். சோம்பேறித்தனம் இல்லை, பழகும் நாட்களில் அவர் சம்பளம் குறைகிறது. முந்தைய வாரச் சராசரியை அந்த நாட்களுக்குக் கொடுத்தால் வருகிறார். இதை எந்த அட்டவணையும் காட்டாது.

ஒரு ஆபரேஷனுக்கு முக்காலோ முழு வட்டமோ உள்ளவர்கள் மூன்று பேராவது இருப்பது நல்லது. ஊர் மாரியம்மன் நோம்பிக்கு இரண்டு பேர் சேர்ந்து லீவு போட்டால் லைன் நிற்கும் இடம் அட்டவணையில் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்திக்கார, ஒடியாக்காரத் தொழிலாளர்களுக்கு எழுத்துக் குறிப்பு பயன்படவில்லை. சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று பலகையில் குத்தி வைத்ததுதான் வேலை செய்தது.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015-ன் 7.2 பிரிவு கேட்கும் திறன் ஆதாரத்துக்கும் இதையே காட்டலாம், ஆனால் தேதி வேண்டும். ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரே பேனாவில் நிரப்பிய அட்டவணை பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆறு மாதம் தொடாத ஆபரேஷனுக்கு ஒரு கால் குறைத்துவிட வேண்டும். அதனால் பென்சிலில் நிரப்புங்கள்.