சத்தம் போட்டது ஃபேன், பில் போட்டது ஹார்ட்டிஸ்க்குக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாராவது கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதாக இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2017இல் வாங்கியது. கோயில் கணக்கு, மகளின் பள்ளி வேலை, அப்புறம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய படங்கள் எல்லாம் அதில்தான். சில மாதமாகக் காலையில் சுவிட்ச் போட்டவுடன் 'கொர்ர்ர்' என்று அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். கால் மணி நேரம் ஓடியதும் அடங்கிவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் வரும். வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். நம்ம பையன்தான், மரியாதையாகப் பேசினான். பெட்டியை மேசையில் படுக்க வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டான். "அண்ணே, ஹார்ட்டிஸ்க் போகப் போகுது. பவர் சப்ளையும் வீக். ரெண்டையும் மாத்திடலாம்" என்றான். ஹார்ட்டிஸ்க் என்றால் கோப்புகளெல்லாம் சேமித்திருக்கிற பாகம், பவர் சப்ளை என்றால் உள்ளே மின்சாரம் கொடுக்கிற பெட்டி. படங்கள் என்னாகும் என்று கேட்டேன். "எல்லாத்தையும் புதுசுல ஏத்திக் கொடுத்துடறேண்ணே." ஹார்ட்டிஸ்க் 220, பவர் சப்ளை 160, கூலி 80. மொத்தம் 460 வெள்ளி (ரிங்கிட்). பில்லில் 'ரிப்பேர் 460' என்று ஒரே வரி. மாற்றிய பாகங்களுக்கு ஏற்பப் பிரித்து எழுதச் சொல்லி நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிமிர்த்தி வைத்துப் போட்டால் அதே கொர்ர்ர். கோயில் கணக்கு இருந்தது. படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் பாதிக்கு மேல் காணோம். போன் போட்டேன். "பழைய டிஸ்க் கெட்டுப்போச்சுண்ணே, அவ்வளவுதான் ஏறுச்சு." சரி, அந்தப் பழைய டிஸ்க்கையாவது கொடு என்றேன். "தூக்கிப் போட்டாச்சே."

அந்த வாரக் கடைசியில் அக்கா மகன் வந்தான். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். பக்கத் தகட்டைக் கழற்றும் முன்பே அதன்மேல் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தான். திருகாணி தளர்ந்து தகடு அதிர்ந்தால் அழுத்தியதும் சத்தம் நின்றுவிடுமாம். நிற்கவில்லை. அப்புறம் தகட்டை எடுத்துவிட்டு, டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாயை ஒரு முனை காதிலும் மறு முனை ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலுமாக வைத்துக் கேட்டான். என்னையும் கேட்கச் சொன்னான். ஹார்ட்டிஸ்க் பக்கத்தில் ஒரே சீரான ரீங்காரம். நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுவதால் வரும் ஒலி அது. கெட்டுப்போகிற டிஸ்க் என்றால் பல நேரம் 'டிக்... டிக்...' என்று தட்டும். அப்படிக் கேட்டால் முதல் வேலையாகப் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். சிபியு (கணினியின் மூளை மாதிரியான சில்லு), அதைக் குளிர்விக்கும் ஃபேன் பக்கம் குழாயைக் கொண்டுபோனதும் கொர்ர்ர் காதை அடைத்தது.

பென்சிலின் அழிப்பான் முனையால் ஃபேனின் நடுக்குமிழை மட்டும் மெதுவாக அழுத்தி, இரண்டு நொடி நிறுத்தினான். வீடே அமைதியானது. விட்டான், மறுபடி கொர்ர்ர். "மாமா, இவ்வளவுதான்" என்றான். அதற்கு மேல் நிறுத்தினால் சிபியு சூடேறும், இறக்கையில் விரல் பட்டாலும் ஆபத்து.

அவன் விளக்கியதும்தான் எல்லாம் பொருந்தியது. ஃபேனின் அச்சில் இருந்த எண்ணெய் காய்ந்துவிட்டது. காலையில் குளிர்ந்திருக்கும்போது அரைக்கும், சூடேறியதும் கொஞ்சம் இளகும். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அச்சு கிடையாக இருக்கிறது, பாரம் தேய்ந்த பக்கத்தில் விழுகிறது. படுக்க வைத்தால் அச்சு செங்குத்தாகி சத்தம் குறைகிறது. கடையில் படுக்க வைத்தே பார்த்ததால் அந்தச் சத்தம் அங்கே சரியாகக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. சரியாகக் கேட்காத சத்தத்துக்கு இரண்டு பாகம் மாற்றச் சொன்னார்கள். புது ஃபேனும், சிபியு சூட்டைக் கடத்த வைக்கிற பசையான தெர்மல் பேஸ்டும் சேர்த்து 45 வெள்ளி. இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை.

அத்தோடு விடவில்லை. டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். 'புது' டிஸ்க் ஏற்கெனவே 29,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது என்று காட்டியது. இரவு பகலாக மூன்று வருடத்துக்கும் அதிகம். பவர் சப்ளையோ மாறவே இல்லை. வாங்கிய நாளில் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர், பேனாவில் எழுதிய 2017, அதன்மேல் படிந்த தூசி, எல்லாம் அப்படியே இருந்தது. (அதை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.)

கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து டிஸ்க், பவர் சப்ளை ஸ்டிக்கர்களை, சீரியல் எண் தெரிகிற மாதிரி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய ஹார்ட்டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். என் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு அறிக்கையும்கூட அதில்தான் இருந்தன.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மலாயில் திரிபுனல் துந்துதான் பெங்குனா என்று கேட்டால் சொல்வார்கள். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் வேண்டியதில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

460 வெள்ளி திரும்பி வரலாம். அம்மா காண்டாக் கம்பும் (வாளிகளைத் தோளில் தூக்கும் கம்பு) வாளியுமாக ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் நிற்கிற படம் அந்த டிஸ்க்கில் இருந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம், எல்லாமே அதில்தான். லயத்தை இடித்துச் செம்பனை நட்டு வருடங்களாகிவிட்டன. அச்சுப் படங்களைக் கரையான் அரித்ததால்தான் ஸ்கேன் செய்து வைத்தேன். இந்தப் பக்கம் யாராவது பழைய 1 டெராபைட் டிஸ்க் வாங்கி, அதில் இப்படிப் படங்கள் கிடந்தால் அழித்துவிடாதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.