போன் காலண்டரில் எந்தப் பண்டிகை தெரியலாம்? கூகுள், ஆப்பிள், அவுட்லுக் - ஓர் அலசல்

பண்டிகை விஷயத்தில் கூகுள் காலண்டரும் ஆப்பிள் காலண்டரும் மொத்த வியாபாரிகள். முழுப் பட்டியலாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். சில்லறையாக இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க இரண்டிலுமே நேர்வழி கிடையாது. பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் அதற்கென்று தனித் தலைவலியும் உண்டு.

முதலில் கூகுள். போனில் ஆப்பைத் திறந்து மூன்று கோடு, பிறகு செட்டிங்ஸ். உங்கள் அக்கவுண்ட் பெயருக்குக் கீழே 'ஹாலிடேஸ்' என்று இருக்கும். நாட்டு விடுமுறைப் பட்டியல், மத விடுமுறைப் பட்டியல் இரண்டும் அங்கேதான். போனில் இரண்டு அக்கவுண்ட் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி செட்டிங். ஒன்றில் அணைத்துவிட்டு, 'இன்னும் தெரிகிறதே' என்று புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்ப்யூட்டரில் பல்சக்கரத்தை அழுத்தி, செட்டிங்ஸில் இடப்பக்கம் உள்ள 'ஆட் கேலண்டர்', அதற்குள் 'பிரவுஸ் கேலண்டர்ஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று போனால் கிறிஸ்தவம், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், இந்து எனத் தனித்தனிப் பட்டியல்கள் கிடைக்கும்.

நாட்டுப் பட்டியலுக்கு மட்டும் கூகுள் ஒரு சின்னச் சலுகை தருகிறது. 'பொது விடுமுறை மட்டும்' அல்லது 'பொது விடுமுறையும் மற்ற அனுசரிப்பு நாட்களும்' என்று இரண்டு தேர்வு. முதலாவதைத் தொட்டால் பாதிக் கூட்டம் குறையும். ஆனால் எது போகும், எது நிற்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பண்டிகையைத் தொட்டுத் திறந்தால் விவரப் பகுதியில் 'பப்ளிக் ஹாலிடே' (பொது விடுமுறை) அல்லது 'அப்சர்வன்ஸ்' (அனுசரிப்பு நாள்) என்று ஒரு வரி இருக்கும். அப்சர்வன்ஸ் என்று இருப்பதெல்லாம் காணாமல் போகும். உதாரணத்துக்கு, அமெரிக்கப் பட்டியலில் ஈஸ்டர் ஞாயிறு வெறும் அப்சர்வன்ஸ்தான். பொது விடுமுறை மட்டும் போதும் என்று சொன்ன கையோடு ஈஸ்டரும் போய்விடும். சரி, கிறிஸ்தவப் பட்டியலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வந்து உட்காரும்: நாட்டுப் பட்டியலிலிருந்து ஒன்று, மதப் பட்டியலிலிருந்து ஒன்று. ஒன்றை மட்டும் நீக்க வழியில்லை. இந்தப் பட்டியல்கள் படிக்க மட்டுமே, திருத்த முடியாதவை.

முன்பு தெரிந்த சில நாட்கள் இப்போது தெரியவில்லை என்பவர்களுக்கு: 2024 நடுவில் கூகுள், டைம் அண்ட் டேட் தளத்திலிருந்து வரும் பொது விடுமுறைகளையும் தேசிய அனுசரிப்புகளையும் மட்டும் காட்டுவது என்று திரும்பிவிட்டது. அதற்கு முன் தங்கள் ஆட்கள் கையால் சேர்த்துவந்த கூடுதல் நாட்களை எல்லா நாடுகளுக்கும் பராமரித்து மாளவில்லை என்று காரணம் சொன்னார்கள். உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை.

ஆப்பிள் காலண்டர் பார்க்க எளிமை. 'கேலண்டர்ஸ்' பட்டனை அழுத்தினால் எல்லாப் பட்டியலும் டிக் குறியோடு நிற்கும். நாட்டு விடுமுறைப் பட்டியலின் டிக்கை எடுத்தால் மறையும். பக்கத்தில் இருக்கும் 'ஐ' குறியைத் தொட்டால் நிறம் மாற்றலாம், அலர்ட்டை நிறுத்தலாம். புதிதாகச் சேர்க்க 'ஆட் கேலண்டர்', அதற்குள் 'ஆட் ஹாலிடே கேலண்டர்'. கூகுளைப் போல 'பொது விடுமுறை மட்டும்' என்ற வடிகட்டி இல்லாததால் இதில் ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. செட்டிங்ஸில் 'ஆல்டர்நேட் கேலண்டர்ஸ்' என்று பார்த்துவிட்டு இஸ்லாமிய, ஹீப்ரு, சீனக் காலண்டரைத் தேர்ந்தெடுத்து, பண்டிகை வரவில்லையே என்று காத்திருப்பார்கள். வராது. ஆங்கிலத் தேதிக்குக் கூடவே அந்தக் காலண்டரின் தேதியையும் காட்டுவதுதான் அதன் வேலை. பண்டிகைக்குத் தனிப் பட்டியல் சேர்த்தே ஆக வேண்டும்.

ஐபோனில் கூகுள் அக்கவுண்டையும் இணைத்திருந்தால் ஆப்பிளின் பட்டியல் ஒன்று, கூகுளின் பட்டியல் ஒன்று என்று ஒவ்வொரு பண்டிகையும் இரட்டையாக நிற்கும். ஆபீஸ் அவுட்லுக் அக்கவுண்டும் சேர்ந்தால் மூன்றாவது வரியும் வரலாம். சாம்சங் காலண்டரிலும் இதே கதை: மெனுவைத் திறந்தால் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் கீழே தனி டிக். ஒரே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மற்றதன் டிக்கை எடுத்துவிடுங்கள், டெலீட் செய்ய வேண்டிய அவசியமில்லை.

அவுட்லுக் கதை வேறு. பழைய டெஸ்க்டாப் பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கேலண்டர் என்று போய் 'ஆட் ஹாலிடேஸ்' அழுத்தினால் நாடுகளோடு கிறிஸ்தவம், யூதம், இஸ்லாம் ஆகியவையும் பட்டியலில் இருக்கும். இஸ்லாத்தில் சுன்னி, ஷியா என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். இந்த நுணுக்கத்துக்காகப் பாராட்டலாம். இங்கே பண்டிகைகள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாப் பட்டியலாக வருவதில்லை, உங்கள் சொந்தக் காலண்டருக்குள் சாதாரணப் பதிவுகளாக இறங்கிவிடும். அதனால் வேண்டாததை ஒவ்வொன்றாக அழிக்கலாம். அதே காரணத்தால்தான் சிக்கலும். ஏற்கெனவே சேர்த்ததைத் திரும்பச் சேர்த்தால் அவுட்லுக் ஒருமுறை எச்சரிக்கும். கவனிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் எல்லாம் இரட்டிப்பு. கூண்டோடு நீக்க, வியூவை 'லிஸ்ட்' ஆக மாற்றி, 'லொகேஷன்' வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு விடுமுறைப் பதிவின் லொகேஷனிலும் நாட்டின் பெயர் இருக்கும், அந்தக் கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யலாம். இன்னொன்று, இந்தப் பதிவுகள் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமே இருக்கும். அதன் பிறகு காலண்டர் வெறுமையாகிவிடும்.

பொறுக்கி எடுக்கத்தான் வேண்டும் என்றால் இப்போதைக்கு உருப்படியான வழி, சொந்தமாக ஒரு குட்டிக் காலண்டர். கம்ப்யூட்டரில் கூகுள் காலண்டரைத் திறந்து, 'பண்டிகை' என்ற பெயரில் புதிய காலண்டர் ஒன்றை உருவாக்குங்கள். மத விடுமுறைப் பட்டியலின் செட்டிங்ஸுக்குள் 'இன்டக்ரேட் கேலண்டர்' பகுதியில் ஐகால் முகவரி, அதாவது அந்தப் பட்டியலுக்கான லிங்க் இருக்கும். அதை பிரவுசரில் ஒட்டினால், பண்டிகைகளெல்லாம் வரிவரியாக எழுதப்பட்ட ஐசிஎஸ் என்ற காலண்டர் ஃபைல் இறங்கும். அதை நோட்பேடில் திறந்துகொள்ளுங்கள். வேர்டில் திறந்து சேமித்தால் ஃபைல் கெட்டுவிடும். ஒவ்வொரு பண்டிகையும் 'பிகின் விஈவென்ட்' என்ற வரியில் தொடங்கி 'எண்ட் விஈவென்ட்' என்ற வரியில் முடியும். வேண்டாத பண்டிகைக்கு அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து முழுத் தொகுதியையும் வெட்டுங்கள். ஒரு 'எண்ட்' வரி தவறினாலும் இம்போர்ட், அதாவது ஃபைலைக் காலண்டரில் ஏற்றும் வேலை தடுமாறும். பெயரைத் தமிழில் மாற்றி எழுதினால் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஒரு நாள் பண்டிகைக்கு முடிவுத் தேதி அடுத்த நாளாக இருக்கும். 2026 ஏப்ரல் 5 ஈஸ்டருக்கு முடிவு ஏப்ரல் 6 என்று பார்த்துப் பிழை என்று நினைத்து யாரும் 'திருத்த' வேண்டாம். முடிவுத் தேதி அந்த நிகழ்வில் சேராது என்பதுதான் ஐசிஎஸ் விதி. பிறகு 'டிரான்ஸ்ப்' என்ற வரியைப் பாருங்கள். அதில் 'டிரான்ஸ்பரன்ட்' என்று இருக்க வேண்டும். 'ஒபேக்' என்று இருந்தால் பண்டிகை நாள் முழுக்க நீங்கள் பிஸி என்று ஆபீஸில் காட்டும்.

இம்போர்ட் செய்யும்போது மெயின் காலண்டரைத் தொடாமல், புதிய 'பண்டிகை' காலண்டரையே தேர்ந்தெடுங்கள். இம்போர்ட்டை ஒரே அழுத்தில் திரும்பப் பெற முடியாது. தனிக் காலண்டராக இருந்தால் தவறு நேர்ந்தாலும் அந்தக் காலண்டரையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் நடக்கும், போன் ஆப்பில் இம்போர்ட் இல்லை.

இந்த முறையின் பலவீனம், தானாகப் புதுப்பிக்காது. டிசம்பர் 25, ஜனவரி 6 போல ஆங்கிலத் தேதி மாறாதவற்றை 'ஆண்டுதோறும்' என்று போட்டுவிடலாம். ரம்ஜானை அப்படிப் போட்டால் அடுத்த ஆண்டே சுமார் 11 நாள் பிசகும், ஏனென்றால் ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அது போக, பிறை பார்ப்பதைப் பொறுத்து ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். அதனால் இஸ்லாமியப் பண்டிகைகளை மட்டும் வெட்டி ஒட்டாமல் சந்தாப் பட்டியலாகவே வைத்திருப்பது புத்திசாலித்தனம். கிறிஸ்தவத்தில் எந்த ஈஸ்டர் என்று பாருங்கள்: 2025இல் மேற்கத்திய, ஆர்த்தடாக்ஸ் என இரு மரபுக்கும் ஏப்ரல் 20தான், 2026இல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஏப்ரல் 12. இந்துப் பண்டிகைகள் திதியைப் பொறுத்தவை, திதி எந்த நேரத்தில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் சூரிய உதயத்தோடு மாறும். 2024 தீபாவளி அக்டோபர் 31ஆ, நவம்பர் 1ஆ என்று சர்ச்சை வந்ததும் அமாவாசை இரண்டு நாளிலும் விழுந்ததால்தான். உலகுக்கே ஒரே பட்டியல் என்று வரும் எந்த ஆப்பையும் இதற்கு முழுதாக நம்ப வேண்டாம்.

சில்லறை விற்பனையைச் சரியாகச் செய்திருப்பது யூதப் பண்டிகைகளுக்கான ஹெப்கால் என்ற இலவசத் தளம்தான். பெரிய பண்டிகை, சிறிய பண்டிகை, நோன்பு, மாதத் தொடக்கம், வாராந்தர தோரா (யூத வேதம்) பகுதி என ஒவ்வொன்றுக்கும் தனி டிக். இஸ்ரேலில் இருப்பவரா, வெளியே இருப்பவரா என்றும் கேட்கும். பெஸாக் (பாஸ்கா) பண்டிகை இஸ்ரேலில் 7 நாள், வெளியே 8 நாள் என்பதால் அந்தக் கேள்வி அவசியம். தேர்ந்தெடுத்து முடித்ததும் சந்தா லிங்க் தரும். மற்ற மதங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் மேலே சொன்ன நோட்பேட் வேலை எதுவுமே தேவைப்படாது.

லிங்க் மூலம் சேர்த்த காலண்டர் கூகுளில் புதுப்பிக்க 12 மணி நேரம் வரை ஆகலாம், அவசரப்பட்டு மறுபடி சேர்க்காதீர்கள். ஆண்ட்ராய்டில் வரவே இல்லையென்றால் ஆப்பின் செட்டிங்ஸில் அந்தக் காலண்டர் பெயரைத் தொட்டு 'சிங்க்' இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபோனின் சொந்தக் காலண்டரில் வரவில்லையென்றால் பிரவுசரில் கூகுள் காலண்டரின் 'சிங்க்செலக்ட்' பக்கத்துக்குப் போய், அந்தப் பெயருக்கு டிக் போட்டு சேமித்தால் வந்துவிடும். முன்பின் தெரியாத தளம் 'இலவசப் பண்டிகைக் காலண்டர்' என்று நீட்டும் லிங்கை மட்டும் தொட வேண்டாம். 'உங்கள் போனில் வைரஸ்' என்ற எச்சரிக்கைகள் நாள் தவறாமல் வந்து விழத் தொடங்கினால் அது அப்படிப்பட்ட சந்தாவின் வேலை. அந்த எச்சரிக்கையில் உள்ள எதையும் தொடாமல், 'கேலண்டர்ஸ்' பட்டியலில் அதன் 'ஐ' குறியைத் தொட்டு சந்தாவையே நீக்குங்கள்.