புதுப் பம்ப் என்று காசு வாங்கிக்கொண்டு என் பழைய பம்புக்கே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். டேங்கிலிருந்து அதற்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்தான் விஷயம். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கசிவைக் கண்டுபிடிப்பதிலிருந்து புதுப் பம்பைப் பொருத்துவது வரை எல்லாவற்றையும் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில் வண்டியை நகர்த்தியபோது தரையில் ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் பெட்ரோல். குழாய் வெடித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். என்ஜின் ஆறியிருந்தது. பம்பையும் அதற்கு வரும் போகும் குழாய்களையும் காய்ந்த துணியால் துடைத்தேன். இரண்டு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்களும் கிளிப்புகளும் காய்ந்திருந்தன. பம்பின் அடிப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளையின் விளிம்பில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, கனத்து, கீழே விழுந்தது. அடுத்த சொட்டு அதே இடத்தில் திரள ஆரம்பித்தது.

அந்தத் துளை சும்மா இருப்பதல்ல. என்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டில் உள்ள மேடு பம்பின் நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும். அது மேலும் கீழும் போவதால்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு கார்புரேட்டருக்குப் போகிறது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அதன் அடிப்புறம் இறங்கிவிடும். இறங்கியது வெளியே வந்து நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளை. அதில் என்ஜின் ஆயில் கசிந்தால் உள்ளே உள்ள சீல் போய்விட்டது என்று பொருள். பெட்ரோல் கசிந்தால் டயாஃப்ரம் போய்விட்டது. எனக்கு வந்தது பெட்ரோல்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் ஏமாந்தேன். அதுதான் நெஞ்சைக் குடைகிறது.

வேலைக்கு நடுவில் நேரமில்லாததால், பழைய வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகப் பலகை வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் நான் சொல்லி முடிக்கும் முன்பே பம்புக்கு அடியில் விரலை வைத்து, மோந்து பார்த்து, "டயாஃப்ரம் சார். புதுப் பம்ப் போட்டுவிடலாம்" என்றார். நான் கண்டுபிடித்ததையே அவரும் சொன்னார். அந்த ஒரு நொடியில் அவரை முழுதாக நம்பிவிட்டேன். கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், டேங்கில் துரு இருக்கிறது, குழாய் முழுவதும் மாற்ற வேண்டும் என்று அவர் அடுக்கிய எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மாலையில் ஒரு புது அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டி, "பாருங்கள், ஒரிஜினல்" என்றார். பெட்டி மூடியிருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. மொத்தம் அரை மாதச் சம்பளம். அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். பழைய பம்பைக் கேட்டதற்கு, "பழைய இரும்போடு போய்விட்டது சார்" என்றார். பில்லில் "பம்ப் வேலை, கார்புரேட்டர் வேலை" என்ற இரண்டு வரிகள் மட்டுமே.

பத்து நாள் சொட்டு விழவில்லை. எனக்கு அத்தனை நிம்மதி. பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆயில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது! யாரும் ஊற்றாமல் ஆயில் எப்படி ஏறும்? விரலில் தொட்டால் தண்ணீராக ஓடுகிறது. பெட்ரோல் நெடி மூக்கில் அடித்தது.

அன்றே தொலைபேசியில் கூப்பிட்டேன். "பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை வரத்தான் செய்யும்" என்றார். மறுநாள் வேறொருவர் எடுத்து, முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். மூன்றாம் நாள் நேரில் போனேன். முதலாளி உள்ளேதான் இருந்தார். "ஆயிலை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்" என்று தலை நிமிராமலே சொன்னார். அந்த ஆயில் மாற்றும் செலவும் என்னுடையதாம்.

இன்று காலை நானே கழற்றினேன். இரண்டே போல்ட்டுகள். பம்ப் வெள்ளியாகப் பளபளத்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அந்தச் சின்னத் துளை இல்லை. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் உரிந்து, அடியில் சாம்பல் நிறப் பசை தெரிந்தது. துளையைப் பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். இன்னும் சுரண்டினேன். விளிம்பில் பிறை போல ஒரு நசுங்கல். இரண்டு வருடங்களுக்கு முன் என் ஸ்பேனர் வழுக்கி விழுந்த தடம் அது. என் பழைய பம்பேதான்! கிழிந்த டயாஃப்ரத்தைக்கூட மாற்றவில்லை. வெளியே போக வழியில்லாத பெட்ரோல் உள்ளே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. மெலிந்த ஆயிலில் பேரிங்குகள் எவ்வளவு தேய்ந்தனவோ. பெட்ரோல் ஆவி நிறைந்த என்ஜினைத்தான் நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அரை மாதச் சம்பளம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம், இதை விட முடியவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். "நீங்களே கழற்றிவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. அதன்பின் என் எண்ணை எடுப்பதில்லை.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்து பம்பைக் கையில் வாங்கிப் பாருங்கள், துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதை வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். கழற்றும் முன்பே அதில் ஒரு கோடு கீறிப் படம் எடுத்து வையுங்கள். பில்லில் உதிரிபாகத்தின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டயாஃப்ரமா என்று கேளுங்கள், பழைய வகை ரப்பர் அதில் கெட்டுவிடும். நீங்களே மாட்டுவதானால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு தொடுங்கள். நெம்புகோல் தளர்ந்திருக்கும் நிலைக்கு என்ஜினைத் திருப்பி வைத்தால் பம்ப் தானாக உட்காரும். முறுக்கி அழுத்தி உட்கார வைக்காதீர்கள். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் பழைய தடிமனிலேயே இருக்கட்டும்.

ஆயிலில் பெட்ரோல் நெடி அடித்தால் அதற்குமேல் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான். என் வண்டியின் ஆயில் இப்போது தட்டில் வடிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பம்பையும் பில்லையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை காலை பட்டறை திறக்கும்போது வாசலில் நிற்பேன். என் அரை மாதச் சம்பளம் வேண்டும்.