பொறியியல் மாணவருக்கு அறம்: தனித் தாளா, கலந்துரையாடலா, களப்பணியா, லேப் மேசையா?

பொறியியல் கல்லூரியில் அறத்தையும் சமூகப் புரிதலையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தமிழ்நாட்டில் இப்போது நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தனித் தாளாக வைத்துத் தேர்வு நடத்தலாம். முதலாண்டிலேயே கலந்துரையாடலாக நடத்தலாம். ஊருக்குள் அனுப்பி மக்களோடு வேலை செய்ய வைக்கலாம். கான்கிரீட்டோ கோடிங்கோ நடத்துகிற அதே வகுப்பில் அறத்தையும் சேர்த்தே நடத்தலாம். சிவில் துறையில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் என் ஓட்டு கடைசி வழிக்குத்தான். மற்ற மூன்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. எது எதைத் தருகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்று பார்க்கலாம்.

தனித் தாளில் இருந்து தொடங்குவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களில் தொழில்முறை அறம் ஐந்து யூனிட் கொண்ட ஒரு விருப்பப் பாடம். மனிதரின் அற உணர்வு எப்படி வளர்கிறது என்று சொல்லும் கோல்பெர்க், கில்லிகன் கோட்பாடுகள், பாதுகாப்பும் இடரும், பொறியாளரின் உரிமைகள், பன்னாட்டு நிறுவனங்கள் என்று வரிசையாக வரும். இதில் நல்ல சரக்கு இருக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும், ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலியும் உடன் வேலை பார்த்த பொறியாளர்களும் மன்றாடினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். இந்தக் கதையைக் கேட்ட மாணவருக்கு, வேலையில் ஒருநாள் தானும் அப்படி எழுந்து பேச வேண்டியிருக்கும் என்ற எண்ணமாவது மனதில் விழும். தான் பார்க்கும் தவறுக்குப் பெயர் சொல்லும் மொழி அவருக்குக் கிடைக்கும். தனித் தாளின் பெரிய பலன் அதுதான்.

பிரச்சினை தேர்வில் இருக்கிறது. ‘கோல்பெர்க்கின் கோட்பாட்டை விளக்குக’ என்று 13 மார்க் கேள்வி வந்தால், ஆறு நிலைகளையும் மனப்பாடம் செய்தவருக்கு முழு மார்க். அந்தக் கேள்வித்தாளில் அவர் என்ன முடிவெடுப்பார் என்று யாரும் கேட்கவில்லை. 2021 பாடத்திட்டத்தில் மனித விழுமியங்களும் அறமும் என்ற பாடம் 2 கிரெடிட்டோடு ஏழாம் செமஸ்டரில் வருகிறது. ஜனநாயகம், சமூகப் பாகுபாடு, அறிவியல் மனப்பான்மை எல்லாம் அதில் உண்டு. பழைய தாளைவிட இது நம் வாழ்க்கைக்கு நெருக்கம். ஆனால் ஏழாம் செமஸ்டர் என்பது பிளேஸ்மென்ட் காலம். பாதி வகுப்பு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கும், மீதிப் பேர் மனசும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது கலந்துரையாடல். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2017-இல் முதலாண்டு மாணவருக்கு மூன்று வார அறிமுகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் நடுவில் இருப்பது மனித விழுமியங்கள் பற்றிய உரையாடல்: நான், என் குடும்பம், சமூகம், இயற்கை. இங்கே மனப்பாடத்துக்கு வேலை இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்து, ஆங்கிலத்துக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை முதன்முதலாக வாய் திறப்பது பல நேரம் இந்த அமர்வுகளில்தான். அதற்காகவே இது இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் இணக்கம், நல்லுறவு என்றே போகிறது. சாதி, கூலி, கமிஷன், மேலதிகாரியின் அழுத்தம் என்று நலன்கள் மோதும் இடத்துக்கு உரையாடல் போவதே இல்லை. அற உணர்வு தேவைப்படுவதோ அங்கேதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 பாடத்திட்டத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று தலா 1 கிரெடிட்டில் இரண்டு பாடங்கள் உண்டு. இரண்டாவதில் சோழர் காலக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரியின் அடியில் இருந்து சேற்றையும் நீரையும் வெளியேற்றிய அருமையான அமைப்பு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வகுப்பிலேயே இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். தண்ணீரைத் திறந்துவிட்டு வயலுக்கு வயல் பங்கிட்டது யார்? பாய்ந்த நிலம் யாருடையது? நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டிகளாக, அதாவது தண்ணீரைத் திறந்து பங்கிடுபவர்களாக, வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் காவல் காத்த தண்ணீர் பெரும்பாலும் அடுத்தவர் வயலுக்குத்தான் போனது. ஒரு தூம்பை வைத்தே தொழில்நுட்பத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு முழுவதையும் காட்டிவிடலாம். புதிய தாளும் வேண்டாம், புதிய கிரெடிட்டும் வேண்டாம்.

களப்பணிக்கு வருவோம். 1969-இல் இருந்து என்எஸ்எஸ் இருக்கிறது, 2014-இல் கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. நடப்பது என்னவென்றால், பேனர் பிடித்து ஒரு போட்டோ, பத்து மரக்கன்று, மதியம் சாப்பாடு, திரும்பி வந்துவிடுவது. ஊர்க்காரர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் வேறு மாதிரி. அங்கே களப்பணிக்குக் கிரெடிட் உண்டு. ஒரே அமைப்போடு பல செமஸ்டர்கள் தொடர்ந்து வேலை நடக்கும். சீனியர் விட்ட இடத்தில் ஜூனியர் எடுத்துக்கொள்வார். செய்த பொருள் வேலை செய்யாவிட்டால் அதைப் பயன்படுத்துகிறவர் முகத்துக்கு நேரே சொல்வார்.

நன்றாக நடந்தால் களப்பணிக்கு ஈடு கிடையாது. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைக் குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளிகளும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சம்பவம் உலுக்கியதில், குற்றிப்புறத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் அந்தக் குழிகளைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் என்ற ரோபோவை உருவாக்கினார்கள். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. குழியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களே அதை இயக்கப் பயிற்சி பெற்றார்கள். என்னை அதிகம் தொட்டது இந்தக் கடைசி விஷயம். இயந்திரம் வந்தால் தொழிலாளியின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வியும் வடிவமைப்புக்குள் வந்துவிட்டது. ஆனால் இப்படிப்பட்ட வேலைக்குப் பல ஆண்டுகள், பணம், விடாமல் கூட நிற்கும் ஆசிரியர் எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு நானூறு மாணவர் சேரும் ஒரு கல்லூரி எல்லோருக்கும் இதைத் தர முடியாது.

அதனால்தான் லேப் மேசைக்கு வருகிறேன். நான்கு ஆண்டும் எல்லா மாணவரும் வந்துதான் ஆக வேண்டிய இடம் அது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அங்கே அறப் பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்க வார்த்த கியூபை (கனசதுரக் கட்டியை) உடைத்தால் ஒரு ரீடிங் வருகிறது, சீனியர் ரெக்கார்டில் வேறு ரீடிங் இருக்கிறது. சார் ‘சரியான’ விடையைத்தான் எதிர்பார்க்கிறார் என்று மாணவர் சீனியர் ரீடிங்கை எழுதிவிடுகிறார். கையெழுத்தும் மார்க்கும் கிடைத்துவிடுகிறது. இதே பிள்ளை சைட்டுக்குப் போய் கியூப் ரிஜிஸ்டரை எப்படி எழுதும்?

இதையே பாடமாக்கலாம். எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் 25 நியூட்டன்/ச.மி.மீ. வலு வர வேண்டியது. 150 மி.மீ. கியூப் மூன்று, 28 நாள் கழித்துச் சோதிக்கிறோம். 27, 26, 19 நியூட்டன்/ச.மி.மீ. என்று வருகிறது. சராசரி 24. ‘சார், 19-ஐ விட்டுடலாமா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். விட்டால் சராசரி 26.5, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 என்ன சொல்கிறது? எந்தக் கியூபும் சராசரியில் இருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்த மாதிரியின் முடிவே செல்லாது. இங்கே 19 என்பது 20 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கிறது. ஆக, பிடிக்காத எண்ணை மட்டும் தூக்கிப் போட வழியில்லை. கியூப் வார்க்கும்போது கலவையைச் சரியாக இடித்து இறுக்கவில்லையா, தண்ணீரில் ஊறவில்லையா, இல்லை அந்தக் கலவையே மோசமா என்று தேடியாக வேண்டும். அப்போது மௌலிவாக்கத்தைப் பேசுகிறேன். 2014 ஜூன் 28 அன்று மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மண் அறிக்கையில் யார் கையெழுத்து, தூண் கணக்கை யார் சரிபார்த்தார், தளத்தில் சந்தேகப்பட்டவர் யாரிடம் போய்ச் சொல்ல முடிந்திருக்கும் என்று கேட்கும்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். அதே மாணவர்களிடம் சேலஞ்சரைச் சொல்லி இந்தக் கவனத்தை நான் பார்த்ததில்லை.

பிராஜெக்ட் பேட்ச் பிரிப்பதும் அப்படித்தான். விட்டால் நண்பர்கள் ஒன்றாகச் சேர்வார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு பக்கம், டே ஸ்காலர் ஒரு பக்கம். கலந்து போட்டாலும் மெஷினைப் பையன்கள் தொடுவார்கள், ரிப்போர்ட்டைப் பெண்கள் எழுதுவார்கள். ஆசிரியரே பேட்ச் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிவிட்டால், குழுவாக வேலை செய்வது பற்றித் தனியாக ஒரு லெக்சரே தேவைப்படாது.

இந்த வழியின் பலவீனமும் சின்னதல்ல. எல்லோருடைய வேலை என்றால் யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடும். என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரத்துக்கான அட்டவணையில் அறத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நம் பாடம் அறத்தை எவ்வளவு தொடுகிறது என்று அதில் 2 என்றோ 3 என்றோ போட்டுவிட்டு வகுப்பில் ஒன்றும் செய்யாமல் இருக்க முடியும். ‘அது என் சப்ஜெக்ட் இல்லை’ என்று தயங்கும் ஆசிரியர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஹார்வர்டில் 2017-இல் கணினி அறிவியல் பாடங்களுக்குள் அறத்தைச் சேர்த்தபோது, தத்துவத் துறையில் இருந்து ஆளை வரவழைத்து, கணினி ஆசிரியரோடு சேர்ந்து பாடம் தயாரிக்க வைத்தார்கள். நம் கல்லூரிகளில் தத்துவத் துறை கிடையாது. ஆனால் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்களும் தொழிற்சங்கக்காரர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செமஸ்டருக்கு இரண்டு முறை கூப்பிட்டால் வருவார்கள்.

ஆகவே, என் கையில் விட்டால் இப்படிச் செய்வேன். முதலாண்டு உரையாடல் அப்படியே இருக்கட்டும். ஏழாம் செமஸ்டர் தாளை நான்காவதுக்குக் கொண்டுவந்து, மனப்பாடக் கேள்விக்குப் பதில் வழக்கு ஒன்றைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். களப்பணி விருப்பமுள்ள இருபது முப்பது பேருக்கு, ஒரே ஊரில், மூன்று செமஸ்டர். மற்ற எல்லோருக்கும் ஒவ்வொரு லேபிலும் ஒரு சோதனையாவது மேலே சொன்ன கியூப் மாதிரி. அந்தச் சோதனைக்கு மார்க் விடைக்கு இல்லை. வந்த ரீடிங்கை வந்தபடி எழுதி, ஏன் அப்படி வந்தது என்று விளக்கியிருந்தால் முழு மார்க்.