மண்டபத்தில் தூண்டில் பயணத்துக்கு முன்பணம் கட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் கைடோடு தூண்டில் போடக் கூட்டிப் போகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் ஏஜென்ட் ஒருவரிடம் நாங்கள் நான்கு பேர் ஏமாந்திருக்கிறோம். ஆளுக்கு 4,500 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே ஜிபேயில்.

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளை ஒட்டிப் பாறை மீனும் சீலா மீனும் பிடிக்கலாம், நல்ல ராடு, பிரெய்டு லைன் (பின்னிய தூண்டில் நூல்), ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கூடவே அனுபவமுள்ள கைடு. இதுதான் பேச்சு.

விடியற்காலையில் கரைக்குப் போனால் ஏஜென்ட்டும் இல்லை, கைடும் இல்லை. உள்ளூர் மீனவ அண்ணன் ஒருவர் மட்டும் தன் வள்ளத்தோடு நின்றார். தீவு என்றதும் பதறிவிட்டார். "ஆடி மாசம் கச்சான் காத்து இந்த அடி அடிக்குது, தென்கடல் எப்படிங்க போறது? தீவுப் பக்கம் போனா ஃபாரஸ்ட்காரங்க வள்ளத்தையே பிடிச்சுருவாங்க. அப்புறம் என் பொழப்பு?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைக் கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், இதில் மீன் வேறு பிடிப்பதா! அதைத்தான் அந்த ஏஜென்ட் எங்களிடம் காசுக்கு விற்றிருக்கிறார். பிடிபட்டிருந்தால் வள்ளத்தைப் பறிகொடுத்திருப்பவர் இந்த அண்ணன்.

சரி, வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடா பக்கம் போனோம். இருந்த லைஃப் ஜாக்கெட் இரண்டே இரண்டு. ஒன்றில் பக்கிள் உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. ரீலில் பிரெய்டு இல்லை, வெயிலில் வெளுத்துப்போன சாதாரண நைலான் தங்கூசி. ரீலின் பிரேக்கான டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கியது. ஆழமில்லாத அந்தக் கடலில் லூரை (செயற்கை இரையை) வீசும்போதெல்லாம் கடல்புல்தான் மாட்டியது. அண்ணன் கைத்தூண்டிலில் இறால் கோத்துப் பிடித்த சில விளைமீன்கள்தான் அன்றைக்குக் கிடைத்தவை. நாங்கள் கொடுத்த 18,000 ரூபாயில் அவருக்குப் போனது 2,500. இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மீன் கிடைக்கிறது நம்ம கையிலயா இருக்கு?" என்றார் ஏஜென்ட். மீனை யார் கேட்டது? சொன்ன கைடு எங்கே, ஜாக்கெட் எங்கே என்றோம். நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

போக நினைப்பவர்கள் வள்ளக்காரரிடமே நேரில் பேசுங்கள். எந்தக் கடல் என்று கேளுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலும், ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காலத்தில் வடகடலும் கொந்தளிக்கும். இது தெரியாதவர் கைடே இல்லை. தீவுக்குப் பக்கத்தில் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கரையில் கொடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் கையில் இருக்கிறது. இதேபோல் மண்டபத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஒரே ஆள்தானா என்று பார்த்துச் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.